ஜீனோ எத்திணை?



கதைகளிலே தலைவனும் தலைவியும் நம் மதிப்பைப் பெறுகின்றனர். நம் அன்பைக் கவர்ந்து செல்பவரோ, பெரும்பாலும் அவர்களுக்குத் துணையாக வருபவர்களே. இராமகாதையிலே இராமனை வணங்குகின்றோம். சிறகிழந்து மண்ணில் வீழ்ந்த சடாயுவை எண்ணிக் கண் கலங்குகின்றோம். பாரதத்தின் முடிவிலே, மனைவியையும் தம்பியரையும் வழியில் இழந்த தருமன் தனியனாய் மலையேறுகின்றான். அவன் பின்னே ஒரு நாய் மாத்திரம் செல்கின்றது. அதனை விட்டுவிட்டு விண்ணுலகம் புகுமாறு இந்திரன் அழைக்க, அடைந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமன் மறுக்கின்றான். அந்நாய் அறக்கடவுளே என்பது அதன் பின்னர்தான் தெரியவருகின்றது. அது யார், ஏன் பின்தொடர்ந்தது, அதன் நெஞ்சில் என்ன இருந்தது என்பவற்றை எல்லாம் காவியம் இறுதிவரை மறைத்தே வைத்திருந்தது.

அத்தகைய ஒரு நாய் நம் காலத்துத் தமிழிலும் பிறந்தது. இரும்பும் மின்கம்பியும் கொண்டு செய்யப்பட்ட நாய் அது. பெயர் ஜீனோ. அந்த ஜீனோவைப் பற்றியும், அது தமிழ் மொழியின் முன் எழுப்பிய ஒரு வினாவைப் பற்றியும் இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன்.

ஜீனோவைப் படைத்தவர் எழுத்தாளர் சுஜாதா. 1935ஆம் ஆண்டிலே சென்னையிற் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன் என்பவரே, தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு சுஜாதா ஆனார். தொழிலால் அவர் பொறியியலாளர். பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றியபோது, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கிய பங்கு கொண்டார். 1980களின் நடுப்பகுதியில் அவர் ஆனந்த விகடன் வார இதழிலே ‘என் இனிய இயந்திரா’ என்னும் அறிவியற் புனைகதையைத் தொடராக எழுதினார். அதன் தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. 1990களின் முற்பகுதியில் இக்கதை தூர்தர்ஷன் தொலைக்காட்சியிலே தொடராக ஒளிபரப்பாகிப் படியாதவர்களையும் சென்றடைந்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் அறிவியற் புனைகதை என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இன்றும் இதுவேயாகும்.

கதை நிகழும் காலம் 2020களின் தொடக்கம். எழுதிய காலத்தில் அது தொலைவிலிருந்த எதிர்காலம். நமக்கோ கடந்துவிட்ட காலம். நாட்டை ஜீவா என்னும் ஒருவர் ஆளுகின்றார். எங்கும் அவர் பேச்சு. எங்கும் அவர் புகழ். குழந்தை பெறுவதற்குக்கூட அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று மனிதர்களின் பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்தில் அடங்கிவிடுகின்றன. பெயரைக் கூட நீட்டி வைத்துக்கொள்ள இயலாத வாழ்வு அது. நிலா என்னும் எளிய இளம்பெண்ணுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கின்றது. அந்த மகிழ்ச்சியின் நடுவே அவள் கணவன் சிபி காணாமற் போகின்றான். கணவனைத் தேடப் புறப்பட்ட அவள், ஆட்சியின் இரகசியத்தை நோக்கி அடியடியாக இழுத்துச் செல்லப்படுகின்றாள்.

அவள் வீட்டிலே தங்க வந்த ரவி என்னும் இளைஞனோடு வந்து சேர்ந்ததுதான் ஜீனோ. அதன் பெயரும் இரண்டெழுத்தே என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அது ஒரு விளையாட்டுப் பொருள்போலத் தோன்றுகின்றது. ஏவியதைச் செய்கின்றது, கேட்டதற்கு விடையளிக்கின்றது. நாளாக நாளாக அதன் விடைகளிலே நகைச்சுவை தலைகாட்டுகின்றது. அது புத்தகம் வாசிக்கின்றது. வாசித்தவற்றைத் தன்னுள்ளே ஒன்றோடொன்று ஒப்பிடுகின்றது. உலகம் அறியாத நிலாவுக்கு உலகத்தை எடுத்துச் சொல்லும் ஆசானாகின்றது. இரண்டாங் கதையிலோ, நிலா பெயரளவில் அரசியாகின்றாள். அதிகாரம் அவளை ஆட்டுவிப்போர் கையில் இருக்கின்றது. அந்நிலையில் ஜீனோ தன் பழைய எசமானாகிய ரவியின் பக்கம் நில்லாது நிலாவின் பக்கம் நிற்கின்றது.

இரு நூல்களின் தலைப்புக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதிலே அது வெறும் ‘இயந்திரம்’, இனியதாயினும் பொதுப்பெயர். இரண்டாவதிலே ‘ஜீனோ’ என்று தனக்குரிய சிறப்புப் பெயரோடு நூலின் முகப்பிலே அமர்ந்துவிடுகின்றது. துணைப்பாத்திரமாக உள்ளே வந்த ஒன்று, வாசகரின் அன்பினால் நூலுக்கே பெயராயிற்று.

இயந்திர மனிதர்களையும் இயந்திர விலங்குகளையும் பற்றிய கதைகள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால்தான் ஜீனோவின் தனித்தன்மை விளங்கும். ‘ரோபோ’ என்று நாம் வழங்கும் சொல்லை உலகுக்கு அளித்தது, செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாபெக் 1920ஆம் ஆண்டிலே வெளியிட்ட நாடகம். செக் மொழியிலே அச்சொல்லின் மூலம் ஆண்டைக்குச் செய்யும் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். நம் இலங்கையிலே 1830களில் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் போன்றது அது. ஆகவே, அச்சொல் பிறந்தபோதே அடிமைத்தனம் அதனுள் இருந்தது. 1942ஆம் ஆண்டிலே ஐசாக் அசிமோவ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இயந்திர மனிதருக்கு மூன்று விதிகள் வகுத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யாதிருத்தல் முதல் விதி; அதற்கு மாறுபடாத வரையில் மனிதரின் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் இரண்டாவது; இவ்விரண்டிற்கும் மாறுபடாத வரையில் தன்னைக் காத்துக்கொள்ளல் மூன்றாவது. பிரித்தானியாவிலே 1963இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் தொலைக்காட்சித் தொடரிலும் 1977ஆம் ஆண்டு ஓர் இயந்திர நாய் தோன்றியது. நாயினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பையே விளையாட்டாகக் கொண்டு அதற்குக் ‘கே 9’ எனப் பெயரிட்டனர். அறிவிலே அதற்குக் குறைவில்லை. எசமானின் சொல்லை உடனுக்குடன் ஏற்று நிறைவேற்றும் பணிவே அதன் அழகு.

நம் நாட்டையே தம் வீடாகக் கொண்டு 1956ஆம் ஆண்டு முதல் இங்கு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கும் ஓர் இயந்திரத்தைப் படைத்தார். 1968இல் வெளிவந்த ‘2001’ என்னும் விண்வெளித் திரைப்படத்திலே வரும் ‘ஹால்’ என்னும் கணினி அது. தன்னோடு பயணம் செய்த மனிதர்களையே அது கொல்லத் துணிகின்றது. ஏன் அவ்வாறு செய்தது என்பதற்குக் கிளார்க் 1982ஆம் ஆண்டில் எழுதிய அடுத்த நூலிலே விடை தந்தார். உண்மையை மறைக்காது தெரிவிக்கவேண்டும் என்று படைக்கப்பட்ட கணினிக்கு, பயணத்தின் நோக்கத்தை உடன் வருவோரிடமிருந்து மறைக்கவேண்டும் என்ற கட்டளையும் இடப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டு அதன் அறிவு பேதலித்தது. மேலிடத்தின் பொய்யைக் காக்க முயன்று அழிந்த இயந்திரம் ஹால். மேலிடத்தின் பொய்யைக் கண்டு விலகி நின்ற இயந்திரம் ஜீனோ. இவ்விருவரையும் படைத்த கிளார்க்கும் சுஜாதாவும் 2008ஆம் ஆண்டிலே, ஒருவர் பெப்ரவரி 27ஆம் நாளிலும் மற்றவர் மார்ச் 19ஆம் நாளிலுமாக, மூன்று வார இடைவெளியில் மறைந்தனர்.

ஜீனோவின் மர்மம் யாது? அதற்கு உயிர் உண்டா என்பது முதலில் எழும் வினா. ஆங்கிலேயக் கணித அறிஞர் அலன் டியூரிங் 1950ஆம் ஆண்டிலே இதனையொத்த ஒரு வினாவை எழுப்பினார். இயந்திரம் சிந்திக்குமா என்று வீணே வாதிடுவதை விட்டு, முகத்தைக் காணாது அதனோடு உரையாடிப் பாருங்கள். மறுபுறத்தில் இருப்பது மனிதரா, இயந்திரமா என்று உங்களாற் பிரித்தறிய இயலுகின்றதா என்று பாருங்கள் என்றார். வானொலி நேயர்களுக்கு இது புதிதன்று. என் முகத்தை நீங்கள் காணவில்லை. சொற்களைக் கொண்டே என்னை மனிதன் என்று நம்புகின்றீர்கள். ஜீனோவும் தன் சொற்களாலேயே நம்மை வெல்லுகின்றது. ஆயினும் அச்சொற்களின் பின்னால் மகிழ்ச்சியோ துயரோ உண்மையாக உண்டா என்பது நமக்குத் தெரிவதில்லை. அது அன்பினால் நிலாவுக்கு உதவியதா? கணக்கிட்டுப் பார்த்து அதுவே சரியென்று கண்டதனால் உதவியதா? இந்த ஐயமே அதன் மேல் நமக்குள்ள ஈர்ப்பை வளர்க்கின்றது.

ஆங்கிலம் போன்ற மொழிகளிலே இந்த ஐயத்தோடு சற்றுக் காலம் வாழலாம். ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ ஆகிய மூன்றுக்கும் அங்கே ஒரே வினைச்சொல் போதும். தமிழிலே அதற்கு இடமில்லை. ஜீனோ என்று எழுவாயைச் சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிக்கப் போனால், மொழி நம்மை மறித்து நின்று, எத்திணை என்று கேட்கின்றது. விடை கூறாது ஒரு வினைமுற்றைக்கூடச் சொல்ல இயலாது. கதையாசிரியரும் இலக்கணத்தின் வழி நின்று அதனை அஃறிணையாகவே சுட்டினார். கதையை வாசிப்போரின் நாவோ, நூலின் நடுப்பகுதிக்கு வரும்போதே அந்த ‘அது’ என்னுஞ் சொல்லிற் சற்றுத் தடுமாறத் தொடங்குகின்றது.

இத்தடுமாற்றத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். நன்னூலார் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்தார். ஏனைய உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் அஃறிணை என்றார். இயந்திரமாகிய ஜீனோ இவ்விதியின்படி கல்லோடும் மண்ணோடும் ஒன்றாக நிற்கவேண்டும். ஆனால் அதே நன்னூலார், மகிழ்ச்சியினாலும் சினத்தினாலும் பிற காரணங்களாலும் திணை மாறி வருவதையும் ஏற்றுக்கொண்டார். ஒருவன் தன் பசுவை அன்பு மேலீட்டினால் ‘என் அம்மை வந்தாள்’ என்று கூறுவதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டினர். அதனை வழு என்று தள்ளாது, வழுவமைதி என்று கொண்டனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்துகின்றார். ஆறாவது அறிவாகிய மனத்தை மக்களுக்கு உரியதாக்கிய அவர், அவ்வினத்தைச் சேர்ந்தன பிறவும் உண்டு என்று கூறிக் கதவை முழுதும் அடைக்காது விட்டார். அவர் காலத்திலே கணினியும் இல்லை, ஜீனோவும் இல்லை. இருந்தும், மனம் என்பது நம்மோடு முடிந்துபோகும் பொருளன்று என்று அவர் எண்ணியிருத்தல் வியப்பைத் தருகின்றது.

திணைமாற்றம் அன்பினால் நிகழும் என்பதற்கு இக்காலத்திலும் சான்று உண்டு. ஜப்பானிய நிறுவனமாகிய சோனி 1999ஆம் ஆண்டிலே ‘ஐபோ’ என்னும் இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. ஜீனோ தோன்றிப் பத்தாண்டுகளுக்கு மேற் கடந்தபின் வந்தது அது. 2006இல் அதன் உற்பத்தி நின்றது. பழுதான நாய்களைத் திருத்த உதிரிப்பாகம் இல்லாமற் போகவே, 2015ஆம் ஆண்டு முதல் ஜப்பானிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்திலே அவற்றை வரிசையாக வைத்து, மனிதருக்குச் செய்வது போன்றே இறுதிக்கிரியை செய்தனர். அதைச் செய்தவர்கள் அறிவிலிகள் அல்லர். அது இயந்திரம் என்பதனை நன்கு அறிந்தவர்களே.

எங்கள் பாடசாலையிலே உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மாணாக்கரிடம் ஒருமுறை இந்த வினாவை முன்வைத்தேன். திணை, பால் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த நாள் அது. ‘ஜீனோ வந்தான்’ என்பது வழுவா, வழுவமைதியா என்று கேட்டேன். பலரும் வழு என்றனர். சிலர் அன்பினால் அமையும் என்றனர். ஒரு மாணவி சற்றுத் தயங்கி எழுந்தாள். 2009ஆம் ஆண்டின் பின் பிறந்த பிள்ளை அவள். போரின் இறுதி நாள்களிலே தன் பாட்டியார் ஊரை விட்டுப் புறப்பட்டபோது வீட்டு நாயும் இடத்திற்கு இடம் பின்னாலேயே வந்ததென்றும், நந்திக்கடல் ஓரத்திலே சனங்கள் நீரில் இறங்கியபோது அது கரையில் நின்றுவிட்டதென்றும் கூறினாள். ‘பாட்டி இன்றைக்கும் அதைப் பற்றிச் சொல்லும்போது, அவன் கரையில நின்று பார்த்துக்கொண்டே நின்றான் என்றுதான் சொல்லுவா. அவ ஒருநாளும் அது என்று சொன்னதில்லை’ என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. உரையாசிரியர்கள் சொன்ன பசுவை விட அந்த நாய் அன்று எங்களுக்கு இலக்கணத்தை நன்றாக விளக்கிற்று.

அன்பினால் வரும் உயர்திணை அது. ஆனால் ஜீனோவின் வழக்கு அதனோடு முடிவதில்லை. பசுவும் வீட்டு நாயும் நம் அன்பினால் உயர்த்தப்பட்டவை. ஜீனோ தன் செயலினாலும் உயர்ந்தது. இதனை உணர, கதையின் மறுமுனையிலுள்ள ஜீவாவைப் பார்த்தல் வேண்டும்.

ஜீவாவைக் கண்டோர் பலர். அவர் பேச்சைக் கேட்டோர் பலர். அவரைத் தொட்டு அறிந்தவர் இல்லை. நாடு முழுவதும் ‘ஜீவா சொன்னார்’ என்று உயர்திணையிலே பேசுகின்றது. கதை வளர வளர உண்மை வெளிப்படுகின்றது. அந்தத் தலைவர் ஒளிக்கற்றையினால் வெளியிலே உருவாக்கப்படும் ஒரு முப்பரிமாணப் படம்! சதையும் குருதியும் உள்ள மனிதர் அங்கே இல்லை. பின்னால் நின்று ஆட்டுவிப்போர்க்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த முகத்துக்கு மக்களின் பயமும் பத்தியும் உயிரூட்டின. ஆக, எல்லோரும் உயர்திணை என்று நம்பி வணங்கியது வெறும் நிழல். எல்லோரும் அஃறிணை என்று தள்ளி வைத்தது சிந்திக்கும் மனம். நாயை இயந்திரம் என்று ஒதுக்கிய மக்கள், படத்தை மனிதர் என்று கும்பிட்டனர். மக்கள் தம் ஆட்சியாளரைத் தாமே தெரிவு செய்யும் கருவியை உருவாக்குவதில் பங்குகொண்ட ஒருவர், தெரிவு செய்யப்படாத ஒரு நிழல் நாட்டை ஆளுவதாகக் கதை எழுதினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஜீனோவின் சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. சாபெக்கின் அடிமைகள் ஒருநாள் கிளர்ந்தெழுந்து எசமானரை அழித்தனர். ‘கே 9’ கீழ்ப்படிந்தது. ஹால் இருவேறு கட்டளைகளின் நடுவே உடைந்தது. ஜீனோ அழிக்கவுமில்லை, அடங்கவுமில்லை. கட்டளை வந்தபோது, இடுபவர் யார், இடுவது சரிதானா என்று கேட்டது. கேட்டபின் தானே ஒரு முடிவுக்கு வந்தது. அந்த முடிவின்படி பலம் குறைந்தவளின் பக்கத்தில் நின்றது. சடாயுவும் இதனைத்தான் செய்தான். வலிய அரசனொருவன் தவறு செய்யக் கண்டு, வெல்லமாட்டோம் என்று தெரிந்தும் வழிமறித்தான். அந்தப் பறவையை இராமன் தந்தையென்றே கொண்டாடினான்.

நேயர்களே, வன்னியிலிருந்து பேசும் ஒருவன் இந்தக் கதையை இவ்வளவு நீட்டிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். அத்தொடர் தொலைக்காட்சியில் வந்த காலத்திலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாழ்ந்தோர் அதனைக் காணவில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு எங்களுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. போர் முடியும்வரை அது திரும்பவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டிலே ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அத்தகைய நாள்களிலே ஜீனோ எங்களிடம் வந்தது புத்தகமாகத்தான். அட்டை கழன்று, முதற் பக்கங்கள் உதிர்ந்து, கைமாறிக் கைமாறி வந்த பிரதி. வாசித்தவர் வாசியாதவர்க்குக் கதையாகச் சொன்னார். எதிர்காலத்தைப் பற்றிய அந்தக் கதையை நூறாண்டு பழைய வெளிச்சத்திலே வாசித்தோம்.

அக்காலத்தில் எங்கள் மக்கள் எத்தனையோ கட்டளைகளைக் கேட்டனர். எழும்பிப் போ என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயினர். இங்கே இரு என்றால் மரத்தடியில் இருந்தனர். கேள்வி கேட்பதற்கு விலை இருந்தது. அந்த விலை பெரிதாகவும் இருந்தது. ஆதலின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் முதலிற் கற்பித்த பாடம் வாய் திறவாதே என்பதாயிற்று. அன்று அது பிள்ளையின் உயிரைக் காக்கும் அறிவு. அதற்காக எந்தத் தாயையும் நாம் குறைகூற முடியாது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின்னும் அந்தப் பழக்கம் வகுப்பறையிலே எஞ்சி நிற்கின்றது. விளங்கியதா என்று ஆசிரியர் கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஆம் என்கின்றது. விளங்காதவரும் ஆம் என்கின்றனர்.

இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, உரையாடும் செயற்கை நுண்ணறிவு பொதுமக்கள் கைக்கு எட்டியது. சுஜாதா கதைக்குக் குறித்த காலமும் அதுவும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. இன்று வயற்கரையிலே இருக்கும் பிள்ளையும் கைப்பேசியில் ஒரு வினாவைத் தட்டினால் விடை வருகின்றது. கட்டுரை கேட்டால் கட்டுரை வருகின்றது. அதனை அப்படியே கொப்பியிற் பெயர்த்து எழுதிக் கொண்டுவரும் மாணாக்கரும் உளர். இதனைத் தடுத்துவிடலாம் என்று நான் எண்ணவில்லை. தடுக்கவும் வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் நூலகம் இன்றி வாடிய ஒரு பிரதேசத்திற்கு, கேட்டதற்கு விடை தரும் துணை கிடைத்திருப்பது சிறிய நன்மையன்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். இயந்திரம் கேட்டதைக் கொடுக்கின்றது. பிள்ளை கொடுத்ததை எழுதுகின்றது. இருவரில் எவரும் இது உண்மைதானா என்று கேட்கவில்லை. கதையின் தொடக்கத்திலிருந்த ஜீனோவின் நிலையிலேயே இருவரும் நிற்கின்றனர். ஜீனோவை அந்நிலையிலிருந்து உயர்த்தியது எது? வாசிப்பு. ஒரு நூலை வாசித்து மற்றொரு நூலோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள முரணைக் கண்டு, அம்முரணிலிருந்து ஒரு கேள்வியைப் பிறப்பித்தது. இயந்திரத்திற்கே அது அவ்வளவு செய்யுமானால், நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு செய்யும்! எனவே எங்கள் மாணாக்கரிடம் நான் கூறுவது இது. இயந்திரத்திடம் கேளுங்கள்; அது சொன்னதை ஒரு நூலிலே தேடுங்கள்; நூல் சொன்னதை ஊரிலுள்ள ஒரு பெரியவரிடம் விசாரியுங்கள். மூன்றும் ஒத்திருந்தால் நல்லது. ஒவ்வாதிருந்தால் அதனினும் நல்லது. அங்கேதான் நீங்கள் சிந்திக்கத் தொடங்குவீர்கள். பாவற்குளம் எப்போது கட்டப்பட்டது, இரணைமடுவின் நீர் எந்த வாய்க்கால் வழியே எந்த வயலை அடைகின்றது என்று இயந்திரத்தைக் கேட்டுவிட்டு, பிறகு போய் அணைக்கட்டின் மேல் நின்று பார்க்கும் பிள்ளையை எந்தப் பொய்ப் படமும் எளிதில் ஏமாற்றாது.

சுஜாதா பங்குகொண்டு 2010ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தின் முடிவும் இங்கு நினைக்கத் தக்கது. சிந்திக்கத் தொடங்கிய இயந்திர மனிதன் அங்கே அங்கம் அங்கமாகக் கழற்றப்படுகின்றான். சிந்திப்பவை கழற்றப்படும் என்ற அச்சம் இயந்திரங்களுக்கு மாத்திரம் உரியதன்று. கேள்வி கேட்கும் பிள்ளையை, அதிகப்பிரசங்கி என்று முதல் நாளிலேயே நாம் கழற்றி வைத்துவிடலாகாது. வீட்டிலே தந்தையாரும், வகுப்பிலே ஆசிரியரும், சபையிலே தலைவரும் சிறிது பொறுமை காட்டினால் போதும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, வா, சேர்ந்து தேடுவோம் என்று அழைத்தால் போதும்.

ஜீனோ எத்திணை என்று தொடங்கினோம். பிறப்பினால் அஃறிணை என்று இலக்கணம் கூறும், அதில் ஐயமில்லை. அன்பினால் உயர்திணையாகும் என்று வழுவமைதி கூறும், அதுவும் பொருந்தும். இவ்விரண்டிற்கும் அப்பால், கேட்டுத் தெளிந்து அறத்தின் பக்கம் நிற்றலால் வரும் உயர்வும் ஒன்று உண்டென்று அச்சிறு நாய் நமக்குக் காட்டிச் செல்கின்றது. நமக்கு உயர்திணை பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. எந்த இலக்கணமும் அதனைப் பறிக்காது. பெற்ற அப்பெயருக்கு ஏற்ப நடக்கின்றோமா என்பதனை நம்மைத் தவிர வேறெவரும் சோதிக்கப் போவதில்லை. இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஏன் என்று ஒரு கேள்வி கேட்குமாயின், தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு, அதற்குச் செவி கொடுங்கள்.